நார்த் பிளாட்: வண்டி நின்றதால் உண்டான ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்காவின் நடுமேற்கில் ரயிலால் உண்டான சின்ன ஊர்கள் ஏராளம். பாதி இன்று ஒரு தானியக் கிடங்கும் நாலு வீடுமாகச் சுருங்கிக் கிடக்கின்றன. நெப்ராஸ்காவின் நார்த் பிளாட் அப்படி ஆகவில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ரயில் நிலையத்தில் கேன்டீன் வைத்துப் படைவீரர்களுக்குச் சாப்பாடு போட்ட ஊர் என்று சிலருக்கு அதைத் தெரியும். உலகத்திலேயே பெரிய கூட்ஸ் யார்டு இருக்கும் ஊர் என்று ரயில் பைத்தியங்களுக்குத் தெரியும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: ரயில் வண்டி அங்கே நின்றாக வேண்டியிருந்தது. இந்தக் கேள்வி பதில்கள் முழுக்க அதையேதான் சுற்றி வரப் போகின்றன.

இந்த ஊர் எங்கே இருக்கிறது?

நெப்ராஸ்கா மாநிலத்தின் மேற்குப் பாதியில், ஒமாஹாவிலிருந்து ரயில் பாதையில் ஏறக்குறைய 290 மைல். வடக்கு பிளாட், தெற்கு பிளாட் என்ற இரண்டு ஆறுகள் ஊருக்குக் கிழக்கே கூடி ஒரே பிளாட் ஆறாகின்றன. அவை கூடுவதற்கு முன்னால் நடுவில் இருக்கும் நிலத்தில்தான் ஊர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 23,390. ஐ-80 நெடுஞ்சாலையில் சிகாகோ பக்கமிருந்து டென்வருக்குக் கார் ஓட்டிப் போகிறவர்களில் பலர் இங்கே பெட்ரோல் போட்டிருப்பார்கள், ஊர்ப் பெயரைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

அரசாங்கக் கணக்கில் நெப்ராஸ்கா நடுமேற்கு. ஊர்க்காரர்களின் தொப்பியையும் பூட்ஸையும் பார்த்தால் மேற்கு என்றுதான் சொல்லத் தோன்றும்.

ஊர் எப்போது, எப்படி உண்டானது?

1866இல். அதற்கு முன் அங்கே ஊர் என்று ஒன்றும் இல்லை.

1862இல் ஆபிரகாம் லிங்கன் பசிபிக் ரயில்வே சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒமாஹாவிலிருந்து மேற்கே யூனியன் பசிபிக் கம்பெனியும், கலிபோர்னியாவிலிருந்து கிழக்கே சென்ட்ரல் பசிபிக் கம்பெனியும் பாதை போட்டுக்கொண்டு வந்து நடுவில் சந்திக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர் என்று அரசு கடன் பத்திரம் கொடுத்தது. பாதையின் இரண்டு பக்கமும் நிலமும் கொடுத்தது. 1864இல் அந்த நில அளவை இரட்டிப்பாக்கியது. எத்தனை மைல் போடுகிறாயோ அத்தனை காசு என்றால் யார்தான் மெதுவாக வேலை செய்வார்கள்?

பிளாட் ஆறு அகலமானது, ஆழமில்லாதது, படகு விட லாயக்கில்லாதது. ஆனால் அதன் கரை நூற்றுக்கணக்கான மைல் தட்டையாக, கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தோடு மேற்கே போகிறது. முன்னால் மாட்டு வண்டிகளில் ஓரிகானுக்குப் போனவர்களும் அந்த வழியைத்தான் பிடித்தார்கள். 1866 அக்டோபரில் தண்டவாளம் நூறாவது தீர்க்கரேகையைத் தொட்டது. இன்று கோசாட் என்ற ஊர் இருக்கும் இடம் அது. அந்த ஆண்டு முடிவதற்குள் வடக்கு பிளாட் ஆற்றின் மேல் நீளமான மரப்பாலம் கட்டி, அக்கரைக்குத் தண்டவாளத்தைக் கொண்டுபோனார்கள். தலைமைப் பொறியாளர் கிரென்வில் டாட்ஜ், உள்நாட்டுப் போரில் வடக்குப் படையின் ஜெனரலாக இருந்தவர், அங்கே ஊருக்கு மனை பிரித்தார். அதற்குள் பனிக்காலம் வந்துவிட்டது. வேலை நின்றது. கூட்டம் அங்கேயே தங்கியது.

குறிப்பாக அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

நீராவி என்ஜினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். அது எரிபொருளைவிடத் தண்ணீரை வேகமாகக் குடிக்கும். ஆகவே சில பத்து மைலுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி வேண்டும். நூறு, நூற்றைம்பது மைல் ஓடியதும் சாம்பலைக் கொட்ட வேண்டும், சக்கரங்களைப் பார்க்க வேண்டும், பெரும்பாலும் என்ஜினையே மாற்ற வேண்டும். டிரைவரும் ஃபயர்மேனும் அதற்குள் களைத்துப்போயிருப்பார்கள். அவர்களும் இறங்கி, வேறு ஆட்கள் ஏற வேண்டும். இப்படி எல்லாம் மாறுகிற இடத்துக்கு டிவிஷன் பாயிண்ட் என்று பெயர்.

வெறும் தண்ணீர்த் தொட்டி மட்டும் கிடைத்த ஊர் தண்ணீர்த் தொட்டி ஊராகவே நின்றுபோனது. டிவிஷன் பாயிண்ட் கிடைத்த ஊருக்கு லோகோ ஷெட், பணிமனை, ஓய்வறை, சாப்பாட்டுக் கடை, மாதாமாதம் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கிடைத்தன. நார்த் பிளாட்டுக்குக் கிடைத்தது அதுதான். இருபது மைல் தள்ளி இந்த மனைப்படத்தைப் போட்டிருந்தால் இந்தப் பக்கமே வேறு ஊரைப் பற்றி இருந்திருக்கும்.

“சக்கரத்தில் ஓடும் நரகம்” என்று அதைச் சொன்னார்களாமே?

ஆமாம், நார்த் பிளாட்டை மட்டுமல்ல. தண்டவாளத்தின் முனை எங்கே நிற்கிறதோ அங்கே கூடாரம், சாராயக் கடை, சூதாட்ட மேசை, விபசார விடுதி எல்லாம் முளைக்கும்; முனை நகர்ந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய்விடும். அப்படி ஓடிய கூட்டத்தின் பெரிய முகாம்களில் நார்த் பிளாட் முந்தியது. 1866-67 பனிக்காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கில் ஆட்கள் அடைந்து கிடந்தார்கள்: போர் முடிந்து வேலை தேடி வந்த முன்னாள் சிப்பாய்கள், அயர்லாந்துக்காரர்கள், அவர்கள் கூலியைக் கறக்க வந்தவர்கள்.

1867 வசந்தத்தில் அங்கே வந்த ஒரு பத்திரிகையாளர், நாட்டிலுள்ள சூதாடிகள் எல்லாம் இங்கேதான் கூடியிருக்கிறார்கள் என்ற பாணியில் எழுதினார். அவர் பெயர் ஹென்றி மார்டன் ஸ்டான்லி. பிறகு ஆப்பிரிக்காவில் லிவிங்ஸ்டனைத் தேடிக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றாரே, அதே ஆள்தான். அந்தக் கோடையில் கூட்டம் ஜூல்ஸ்பர்க்குக்கு நகர்ந்தது. நார்த் பிளாட்டில் சில நூறு பேர் மிஞ்சினார்கள். மிஞ்சியவர்கள் ஷெட்டில் வேலை இருந்தவர்கள்.

அதற்கு முன் அந்த நிலம் யாருடையது?

பானி, லகோட்டா, செயன் என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்த, வேட்டையாடிய, ஒருவரோடு ஒருவர் சண்டையும் போட்ட நிலம். தண்டவாளம் அவர்களைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. 1867 ஆகஸ்டில் கிழக்கே பிளம் கிரீக் அருகே செயன் வீரர்கள் பாதையைப் பெயர்த்து ஒரு கூட்ஸ் வண்டியைக் கவிழ்த்தார்கள். அடுத்த மாதமே அரசின் சமாதானக் குழு நார்த் பிளாட்டுக்கு ரயிலில் வந்து இறங்கியது. லகோட்டா தலைவர் ஸ்பாட்டட் டெயில் உட்படப் பலர் வந்து, பாதைகள் வேட்டையை அழிக்கின்றன, அவற்றை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள். ரயில் பாதை நிற்காது என்பதே குழுவில் இருந்த ஜெனரல் ஷெர்மன் சொன்ன பதில். பேச வந்த குழுவே அந்த ரயிலில்தான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

பஃபலோ பில் இந்த ஊர்க்காரரா?

பிறந்த ஊர் அல்ல, அவர் வீடு கட்டிய ஊர். பஃபலோ பில் என்ற வில்லியம் கோடி, ராணுவ வழிகாட்டியாகவும் எருமை வேட்டைக்காரராகவும் பெயர் வாங்கியவர். 1872 ஜனவரியில் ரஷ்ய இளவரசர் அலெக்சிஸ் தனி ரயிலில் நார்த் பிளாட்டில் வந்து இறங்கி, கோடியும் ஜெனரல் கஸ்டரும் கூட வர எருமை வேட்டைக்குப் போனார். 1882 ஜூலை 4 அன்று ஊர் சுதந்திர தினத்துக்குக் கோடி நடத்திய குதிரை, மாட்டு வித்தைகள்தான் அடுத்த ஆண்டு ஒமாஹாவில் தொடங்கி உலகம் சுற்றிய அவருடைய காட்சிக்கு முன்னோட்டம். ஊருக்கு வெளியே ஸ்கௌட்ஸ் ரெஸ்ட் என்ற பண்ணையில் 1886இல் கட்டிய அவர் வீடு இன்றும் இருக்கிறது.

சுற்றுலா விளம்பரத்தில் இவர் படம்தான் பெரிதாக இருக்கும். என்னைக் கேட்டால், அடுத்து வருகிறவர்தான் இந்த ஊரின் உண்மையான பிள்ளை.

யார் அவர்?

வில்லியம் ஜெஃபர்ஸ். 1876இல் நார்த் பிளாட்டில் பிறந்தார். அப்பா அயர்லாந்திலிருந்து வந்த ரயில்வே கூலித் தொழிலாளி. பையன் 14 வயதில் கால் பாய் வேலைக்குச் சேர்ந்தான்.

ரயில்வே குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குக் கால் பாய் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: வீட்டுக்கு வீடு டெலிபோன் இல்லாத காலம். கூட்ஸ் வண்டிக்கு நேரம் காலம் கிடையாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வண்டி கிளம்புகிறதென்றால், அதற்குரிய டிரைவர், ஃபயர்மேன், பிரேக்மேன் வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டி எழுப்பி, நோட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். வீட்டில் இல்லையென்றால் எந்த சாராயக் கடையில், எந்தச் சீட்டு மேசையில் இருக்கிறார் என்பது பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பனி முழங்கால் அளவு கிடந்தாலும் நடந்தே போக வேண்டும். இந்த வேலையில் தொடங்கிய ஜெஃபர்ஸ், 1937இல் யூனியன் பசிபிக் கம்பெனியின் தலைவரானார். இரண்டாம் உலகப் போரில் ரப்பர் தட்டுப்பாடு வந்தபோது அதைச் சமாளிக்கும் பொறுப்பையும் அரசு இவரிடம் கொடுத்தது. தலைவராகி நான்கு ஆண்டு கழித்து, 1941இல், ஊர்க்காரப் பெண் ஒருத்தி ஸ்டேஷனில் ஓர் அறை கேட்டபோது, கையெழுத்துப் போட வேண்டிய நாற்காலியில் இருந்தவர் இவர்தான்.

நார்த் பிளாட் கேன்டீன் எப்படித் தொடங்கியது?

ஒரு குழப்பத்தில். 1941 டிசம்பர் 7 பேர்ல் ஹார்பர் தாக்குதல். டிசம்பர் 17 அன்று நெப்ராஸ்கா தேசியக் காவல் படையின் டி கம்பெனி என்ற படைப்பிரிவு ரயிலில் ஊர் வழியாகப் போகிறது என்று செய்தி பரவியது. அதில் இருந்தது எல்லாம் ஊர்ப் பையன்கள். அப்பா அம்மா, காதலிகள், அக்கம்பக்கத்தார் என்று நூற்றுக்கணக்கானவர்கள் கேக்கும் சிகரெட்டும் கிறிஸ்துமஸ் பரிசுமாக ஸ்டேஷனில் பல மணி நேரம் காத்திருந்தார்கள். வண்டி வந்தது. டி கம்பெனிதான். ஆனால் கான்சாஸின் டி கம்பெனி.

கொஞ்ச நேரம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம், கொண்டுவந்ததை முன்பின் தெரியாத அந்தப் பையன்களிடமே கொடுத்துவிட்டார்கள்.

கூட்டத்தில் ரே வில்சன் என்ற 26 வயதுப் பெண் இருந்தார், கடையில் வேலை பார்த்தவர். அவருடைய அண்ணன்தான் நெப்ராஸ்கா டி கம்பெனியின் தளபதி. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் கடிதம் வந்தது: இனி வருகிற ஒவ்வொரு படை ரயிலையும் இப்படி வரவேற்போம், நான் முன்னே நிற்கிறேன் என்று. டிசம்பர் 25 அன்று முதல் வண்டியைச் சந்தித்தார்கள். ஸ்டேஷனில் இருந்த பழைய சாப்பாட்டு அறையை ஜெஃபர்ஸ் தந்தார். ரே வில்சனுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஹெலன் கிரைஸ்ட் பொறுப்பேற்று நடத்தினார். 1946 ஏப்ரல் 1 வரை ஒரு நாள்கூட மூடவில்லை.

பத்து நிமிடத்தில் என்ன செய்ய முடியும்?

என்ஜினுக்குத் தண்ணீர் பிடித்து, எண்ணெய் போட்டு, சக்கரம் பார்க்கும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடம்தான் கேன்டீனின் மொத்த நேரம். படை ரயில் எப்போது வரும் என்பது ராணுவ ரகசியம். அதனால் ரயில்வேயிலிருந்து “காபிக் கெட்டிலை அடுப்பில் வைத்தாச்சு” என்று தகவல் வரும். வண்டி பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டி நின்றதும் பையன்கள் குதித்து ஓடி வருவார்கள். மேசையில் சான்ட்விச், அவித்த முட்டை, பொரித்த கோழி, டோனட், காபி, பால் எல்லாம் தயார். அந்தப் பக்கத்து வயல்களில் நிறைய சுட்டுக் கிடைத்த ஃபெசன்ட் பறவைக் கறி சான்ட்விச்சுக்குத் தனிப் பெயர். அன்று பிறந்த நாள் என்று எவன் சொன்னாலும் முழு கேக் ஒன்று அவன் கையில். உண்மையா பொய்யா என்று யாரும் கேட்கவில்லை. பிளாட்ஃபார்ம் பெண்கள் என்று ஒரு குழு, இறங்க முடியாத காயம்பட்டவர்களுக்காகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குள்ளே போகும். சோளப்பொரி உருண்டைக்குள் இளம்பெண்கள் பெயரும் முகவரியும் எழுதிய சீட்டை வைத்தார்கள். அதில் தொடங்கிய கடிதங்கள் சில கல்யாணத்தில் முடிந்தன.

மும்முரமான நாட்களில் 3,000 முதல் 5,000 பேர் வரை வந்து போனார்கள். மொத்தம் 60 லட்சத்துக்கும் மேல். அப்போது ஊரின் மக்கள்தொகை 12,000 சொச்சம்தான்.

ரேஷன் காலத்தில் இவ்வளவு சாப்பாடு எங்கிருந்து வந்தது?

எனக்குக் கேன்டீன் கதையில் மிகப் பிடித்தது இந்தக் கணக்குதான். சர்க்கரை, காபி, இறைச்சி, பெட்ரோல், டயர் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு. அரசாங்கம் பணம் கொடுக்கவில்லை. அதிபர் ரூஸ்வெல்ட் தன் சார்பில் ஐந்து டாலர் அனுப்பினார் என்பதைத் தவிர.

சுற்றியுள்ள 125 ஊர்கள், சில பக்கத்து மாநிலமான கொலராடோவிலிருந்தும்கூட, முறை வைத்துக்கொண்டன. உன் முறை இந்தத் தேதி என்றால் அன்று உன் ஊர்ப் பெண்கள் சாப்பாட்டோடு வந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் விவசாயக் குடும்பங்கள். முட்டை, பால், கோழி கையில் இருந்தது, சர்க்கரைக்குத்தான் திண்டாட்டம். ஆளாளுக்குத் தங்கள் ரேஷன் கூப்பனில் மிச்சம் பிடித்து, ஊர்க் கேக்குகளுக்காகச் சேர்த்தார்கள். பெட்ரோல் கூப்பனைச் சேர்த்து ஒரே காரில் நெருக்கியடித்து வந்தார்கள். 1945 மார்ச் மாதம் மட்டும் 40,000க்கு மேல் குக்கி, 30,000க்கு மேல் அவித்த முட்டை கணக்கில் இருக்கின்றன. முப்பதாயிரம் முட்டையை உரிக்க எத்தனை கை வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

பணத்துக்கு நடன விருந்து, பழைய பொருள் விற்பனை, சினிமாக் காட்சி. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் மாட்டுச் சந்தை ஏலத்தில் ஏறி நின்று, போட்டிருந்த சட்டையைக் கழற்றி ஏலம் விட்டான். பணம் வந்தது, சட்டையையும் திருப்பிக் கொடுத்தார்கள். அடுத்த வாரம் வேறொரு சந்தையில் மறுபடியும் அதையே செய்தான். மொத்தத்தில் 55,000 பேர் வரை வேலை செய்திருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல்.

அந்த ஊர் எல்லோரிடமும் இப்படித்தான் நடந்துகொண்டதா?

இல்லை. கேன்டீன் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

1929 ஜூலையில் ஒரு கறுப்பினத்தவர் போலீஸ்காரர் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். சுட்டவரும் அன்றே செத்தார். அதோடு முடியவில்லை. வெள்ளையர் கும்பல் ஒன்று வீடு வீடாகப் போய், கறுப்பினத்தவர் எல்லோரும் ஊரை விட்டுப் போகும்படி மிரட்டியது. சுமார் 200 பேர் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே ஊர் ஸ்டேஷனில் கறுப்பினச் சிப்பாய்களுக்கும் மற்றவர்களோடு சேர்த்துத்தான் காபி கொடுத்தார்கள். அது உண்மை, 1929உம் உண்மை.

ஜப்பானியர் கதை இன்னும் நெருக்கமானது. ரயில் பாதை வேலைக்கு வந்த ஜப்பானியர் பலர் பிளாட் பள்ளத்தாக்கில் விவசாயிகளாகத் தங்கிவிட்டார்கள். 1941 டிசம்பர் 7 அன்று நார்த் பிளாட்டில் ஒரு எபிஸ்கோபல் சர்ச்சில் அவர்களுடைய கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பேச வந்திருந்த ஜப்பானிய அமெரிக்கர் சங்கத்தின் மைக் மசாவோகாவை அங்கேயே கைது செய்து கொண்டுபோனார்கள். அந்த மக்களிடையே ஊழியம் செய்துவந்த பாதிரியார் ஹிராம் கானோவும் அன்றே கைதாகிப் பல முகாம்களில் அடைக்கப்பட்டார். கூட்டத்தில் இருந்த பக்கத்து ஊர் ஹெர்ஷியைச் சேர்ந்த பென் குரோக்கி, ராணுவத்தில் சேரத் தம்பியோடு நார்த் பிளாட் ராணுவ அலுவலகத்தில் போய் நின்றார். காத்திருக்கச் சொன்னார்கள், கூப்பிடவே இல்லை. பிறகு கிராண்ட் ஐலண்டுக்குப் போய்ச் சேர்ந்தார். 58 முறை போர் விமானத்தில் பறந்து, ஜப்பான் மீதே குண்டு போடவும் போனார்.

கைது நடந்த பத்தாவது நாள்தான் ஸ்டேஷனில் அந்தக் கேக்கும் சிகரெட்டும்.

டீசல் வந்த பிறகு ஊர் ஏன் சாகவில்லை?

பல ரயில் ஊர்களை டீசல்தான் கொன்றது. தண்ணீர் வேண்டாம், சாம்பல் இல்லை, ஒரே என்ஜின் ஆயிரம் மைல் ஓடும். ஷெட்டை மூடினார்கள், ஆட்களைக் குறைத்தார்கள். 1950களின் முடிவில் யூனியன் பசிபிக்கிலும் நீராவி முடிந்தது.

நார்த் பிளாட் தப்பியதற்குக் காரணம், வண்டியை நிறுத்த அது வேறொரு காரணத்தைப் பிடித்துவிட்டது: பெட்டிகளைப் பிரித்து அடுக்குவது. 1948இலேயே அங்கே முதல் ஹம்ப் யார்டு வந்தது, 1968இல் இரண்டாவது. கம்பெனித் தலைவராக இருந்த எட் பெய்லியின் பெயரில் அது பெய்லி யார்டு. எட்டு மைல் நீளம், 2,850 ஏக்கர், உள்ளே மட்டும் 300 மைலுக்கு மேல் தண்டவாளம். 1980களில் வயோமிங் நிலக்கரி வண்டிகளும் இந்த வழியில் திரும்பின. நெரிசல் தாங்காமல் 1999இல் இங்கிருந்து கிழக்கே கிப்பன் வரை 108 மைலுக்கு மூன்றாவது பாதையும் போட்டு முடித்தார்கள்.

ஹம்ப் என்றால் என்ன?

ஒரு செயற்கை மேடு. நார்த் பிளாட்டில் கிழக்கே போகும் பெட்டிகளுக்கு 34 அடி உயரத்தில் ஒன்று, மேற்கே போகிறவற்றுக்கு 20 அடியில் ஒன்று. பின்னாலிருந்து என்ஜின் வண்டியை மேட்டின் மேல் மெதுவாகத் தள்ளும். உச்சியில் நிற்பவர் இணைப்பை விடுவிப்பார். பெட்டி தன் எடையிலேயே தனியாக உருண்டு இறங்கும். கீழே பாதை மாற்றும் பாயிண்டுகள் கணினி சொல்கிறபடி திரும்பி, சியாட்டிலுக்கா, சிகாகோவுக்கா என்று உரிய பாதைக்கு அதை அனுப்பும். அப்படிக் காத்திருக்கும் பாதைகள் இரண்டு பக்கமும் சேர்த்து 114.

கஷ்டம் வேகத்தில்தான். காலிப் பெட்டி ஒரு மாதிரி உருளும், கோதுமை நிரப்பியது வேறு மாதிரி. எதிர்க்காற்று அடித்தால் இரண்டும் மாறும். அதனால் தண்டவாளத்தின் இரு ஓரத்திலும் இடுக்கி போன்ற பிரேக்குகள் சக்கரத்தைப் பிடித்து அழுத்தி, மனிதன் நடக்கிற வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. அந்தக் கிறீச்சிடல் ஊர் முழுக்கக் கேட்கும், ஊர்க்காரர்களுக்குப் பழகிவிட்டது.

இப்போது அங்கே பயணிகள் ரயில் உண்டா?

கிடையாது. 1971 மே மாதம் நாட்டின் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக் தொடங்கியபோது இந்தப் பாதையைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆம்ட்ராக்கின் கலிபோர்னியா செஃபர் வண்டி மாநிலத்தின் தெற்கே வேறு கம்பெனியின் பாதையில், மக்குக் வழியாகப் போகிறது. கேன்டீன் நடந்த ஸ்டேஷனை 1973இல் இடித்தார்கள். இடிக்காமல் வைத்திருக்கலாம் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள்.

2018 ஜூனில் ஆர்கன்சா தேசியக் காவல் படையினர் சுமார் 700 பேர் பஸ்களில் போகும் வழியில் நிற்க இடம் கேட்டார்கள். கேன்டீனை ஊர் மறுபடி திறந்தது. இந்த முறை வந்து நின்றது நெடுஞ்சாலைப் பஸ்.

இன்றைக்கு ஊர் எப்படி இருக்கிறது?

சுமார்தான். நிலக்கரி குறைந்தது. 2018 அக்டோபரில் தொடங்கி, குறைந்த நிறுத்தம், நீளமான வண்டி, குறைந்த ஆள் என்ற திட்டத்துக்குக் கம்பெனி மாறியது. நார்த் பிளாட்டில் பல குடும்பங்களுக்கு அடுத்த ஓரிரு ஆண்டில் வேலை போனது. வண்டியை நிறுத்தாமல் ஓட்டுவதே லாபம் என்று பங்குச் சந்தை நினைக்கும்போது, நிறுத்துவதில் பிழைக்கிற ஊருக்கு அடி விழத்தான் செய்யும். அதை ஈடுகட்ட ஊர்ப் பக்கத்து மாட்டுப் பண்ணையாளர்கள் முன்னின்று தொடங்கிய இறைச்சி ஆலை ஒன்று 2025இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரு நாளைக்கு 1,500 மாடுகள் அதன் திட்டம். ரயில்வே வேலைக்கு அது ஈடாகுமா என்றால், சம்பளத்தில் ஆகாது என்றுதான் தோன்றுகிறது.

நேரில் போனால் என்னென்ன பார்க்கலாம்?

முதலில் கோல்டன் ஸ்பைக் கோபுரம். 2008இல் பெய்லி யார்டின் ஓரத்தில் திறந்தது, எட்டு மாடி. ஏழாவது மாடி திறந்தவெளி, எட்டாவது கண்ணாடி போட்டது. ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் நின்று விளக்குவார்கள். அவர்களிடம் பேச்சுக் கொடுங்கள், பலகையில் எழுதியிருப்பதைவிட நன்றாக இருக்கும். கோடி பார்க்கில் சேலஞ்சர் வகை நீராவி என்ஜின் 3977 நிற்கிறது. பக்கத்தில் போய் நின்றால்தான் அந்தச் சக்கரங்களின் உயரம் தெரியும். கேன்டீன் பொருட்கள் லிங்கன் கவுண்டி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்குப் பக்கத்திலேயே பஃபலோ பில் பண்ணை. எல்லாம் ஒரே நாளில் முடித்துவிடலாம். கோபுரத்துக்கு மட்டும் பைனாகுலர் கொண்டு போங்கள், காற்று பலமாக அடிக்கும், தொப்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.